நான்காவது ஆண்டா, முதுமாணியா?

பல்கலைக்கழகத்துக்குள் பிரவேசிப்பதே பெரும் போராட்டமாகிவிட்ட நமது நாட்டில், பிரவேசித்த பின்னர் மாணவர்கள் எடுக்க வேண்டிய தீர்மானங்கள் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. கலைப்பீடங்களில் முதலாம் ஆண்டை நிறைவு செய்யும் மாணவர் ஒருவர், மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்துடன் வெளியேறுவதா அல்லது நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தைத் தொடர்வதா என்பதைத் தெரிவு செய்ய வேண்டியவராகின்றார். அண்மைக் காலமாக இதற்கு மூன்றாவது வழியொன்றும் சொல்லப்படுகின்றது. பொதுப் பட்டத்தை விரைவாக முடித்துக்கொண்டு தொழிலில் சேர்ந்து, பின்னர் வார இறுதி வகுப்புகள் மூலம் முதுமாணிப் பட்டம் பெற்றுவிட்டால் சிறப்புப் பட்டதாரியையும் விஞ்சிவிடலாம் என்பதே அந்த யோசனை. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகின்றது. ஆயினும், அதன் முழுப் பொருளையும் அறிந்துதான் நமது பிள்ளைகள் அவ்வழியைத் தெரிவு செய்கின்றனரா என்பதே கேள்வி.

இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்ப்பது இலங்கைத் தகைமைச் சட்டகம் எனலாம். 2012 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட இச்சட்டகம், நாட்டின் கல்வித் தகைமைகளை 12 மட்டங்களாக வகுத்துள்ளது. மூன்று ஆண்டுப் பட்டம் ஐந்தாம் மட்டத்திலும், நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி ஒன்பதாம் மட்டத்திலும், ஆய்வையும் உள்ளடக்கிய முதுமாணி பத்தாம் மட்டத்திலும் அமைகின்றன. ஆறிலும் ஒன்பது பெரிது என்பதால் முதுமாணியே மேல் என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகின்றனர்.

ஆனால், அதே சட்டகம் கற்றலின் அளவையும் 'கிரெடிட்' என்ற அலகினால் கணக்கிடுகின்றது. மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 90 அலகுகள். சிறப்புப் பட்டத்துக்கு 120. பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணிக்கு 30. ஆய்வுடன் கூடியதற்கு 60. ஆகவே பொதுப் பட்டத்துடன் ஓராண்டு முதுமாணியைச் சேர்த்தால் கிடைப்பதும் அதே 120 அலகுகள்தான். செலவிடப்படும் காலமும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தான். அளவில் சமமான இவ்விரண்டும் தன்மையில் வேறானவை. சிறப்புப் பட்டத்தில் மாணவர் ஒரே துறையை ஆழமாகக் கற்கின்றார்; ஆய்வு முறையியலைப் பயில்கின்றார்; மேற்பார்வையாளர் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வேடொன்றையும் எழுதுகின்றார். மூன்று பாடங்களைப் பகிர்ந்து கற்ற பொதுப் பட்டதாரி, அந்த அடித்தளம் இன்றியே முதுமாணி வகுப்பில் அமர நேருகின்றது. அதனாலேயே பொதுப் பட்டதாரிகள் முதுமாணிக்கு முன் தகுதிகாண் பரீட்சையொன்றில் தேற வேண்டும் என்ற நடைமுறை நமது பல்கலைக்கழகங்களில் நீண்டகாலமாக இருந்து வந்தது.

பல்கலைக்கழக ஆசிரியப் பதவியை எண்ணும் மாணவருக்கு இந்த வேறுபாடு மேலும் முக்கியமானது. தகுதிகாண் விரிவுரையாளர் நியமனத்துக்கு, உரிய துறையில் சிறப்புப் பட்டமும் அதில் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சித்தியுமே பிரதான வாயிலாக இருந்து வருகின்றன. இப்பதவியை அடைவதற்கு, பிற்காலத்தில் பெறும் பாடநெறி முதுமாணி மட்டும் போதுமானதாகாது. முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களை நோக்கிச் செல்வோருக்கும் சிறப்புப் பட்டமே நேரான பாதையாகும். முதுமாணிக் கற்கையை 30 வயதிலும் தொடங்கலாம், 45 வயதிலும் தொடங்கலாம். தவறவிட்ட நான்காவது ஆண்டுக்குள் மீண்டும் பிரவேசிப்பதோ மிகக் கடினம்.

வெளிநாட்டுக் கல்வியைக் கனவு காண்போர் பெயர்களைக் கண்டு மயங்கிவிடலாகாது. இங்கிலாந்தில் சிறப்புப் பட்டம் என்பது வழமையாக மூன்று ஆண்டுகளில் பெறப்படுவது. அவுஸ்திரேலியாவில் அது பெரும்பாலும் மூன்று ஆண்டுப் பட்டத்தின் பின்னர் தனியாகச் சேர்க்கப்படும் ஓராண்டு. ஸ்கொட்லாந்தின் பழைமையான பல்கலைக்கழகங்களிலோ கலைத்துறையின் முதற் பட்டத்துக்கே எம்.ஏ. என்று பெயர். இந்தியாவின் 2020 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று ஆண்டுப் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு முதுமாணியையும் நான்கு ஆண்டுப் பட்டதாரிக்கு ஓராண்டு முதுமாணியையும் விதந்துரைத்தது. இதன்படி எந்த வழியில் சென்றாலும் ஐந்து ஆண்டுகள். பட்டத்தின் பெயரை விட, எத்தனை ஆண்டுகள் எதனைக் கற்றார் என்பதையே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நோக்குகின்றன.

பணத்தின் கணக்கும் கவனத்திற் கொள்ளப்பட வேண்டியது. அரச பல்கலைக்கழகத்தின் நான்காவது ஆண்டு இலவசக் கல்வியின் ஒரு பகுதி. தகுதி பெற்றோருக்கு மகாபொல உதவித்தொகையும் உண்டு. முதுமாணியோ கட்டணம் செலுத்திப் பெறப்படுவது. வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளிலிருந்து கொழும்புக்கோ பேராதனைக்கோ வார இறுதிகளில் சென்று வரும் ஒருவருக்குப் பயணச் செலவும் தங்குமிடச் செலவும் கட்டணத்துக்கு மேலதிகச் சுமையாகும். அரசு இலவசமாகத் தரும் ஓராண்டைக் கைவிட்டு, பின்னர் அதே அளவான கல்வியை விலைகொடுத்து வாங்குவது வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு எவ்வகையிலும் இலாபமானதல்ல.

எனினும், பொதுப் பட்டத்தைத் தெரிவு செய்யும் மாணவரைக் குறை கூறுவது நியாயமாகாது. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலான காத்திருப்பு ஒருபுறம். கொரோனாப் பெருந்தொற்றும் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் ஏற்படுத்திய தாமதம் மறுபுறம். 2024 ஆம் ஆண்டில் கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு இரண்டு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. நான்கு ஆண்டுப் பட்டம் ஐந்து, ஆறு ஆண்டுகளாக இழுபடும்போது, வீட்டில் வருமானத்தை எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கும் திருமண வயதை எண்ணிக் கவலையுறும் பெற்றோருக்கும் அந்த ஓராண்டு மிக நீண்டதாகவே தெரியும். கலைப்பீடங்களில் மாணவியரே பெரும்பான்மையினர் என்பதால் இந்த அழுத்தத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவர்களும் அவர்களே.

அரச நியமன முறையும் இந்த அவசரத்தை ஊக்குவிக்கின்றது. 2020 ஆம் ஆண்டு சுமார் 50,000 பட்டதாரிகள் மாதாந்தம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டனர். குறித்த திகதிக்கு முன்னர் பட்டம் செல்லுபடியாகியிருக்க வேண்டும் என்பது இத்தகைய நியமனங்களின் வழமையான நிபந்தனை. ஒரே ஆண்டில் அனுமதி பெற்ற இருவரில், பொதுப் பட்டதாரி அத்திகதிக்குள் அடங்கிவிட, மேலும் ஓராண்டு உழைத்துக் கற்றவர் வெளியே நிற்க நேரிடுகின்றது. இலங்கை நிர்வாக சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சையும் பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்று பேதம் பார்ப்பதில்லை. நிலைமை இவ்வாறிருக்க, நான்காவது ஆண்டினால் என்ன பயன் என்று ஒரு மாணவர் கேட்டால் அவருக்குப் பதில் சொல்வது எளிதல்ல.

எனவே, இந்தத் தெரிவுக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நிர்வாக சேவையை இலக்காகக் கொண்டவருக்குப் பொதுப் பட்டம் போதுமானது. ஆசிரிய சேவையை நாடுபவருக்குப் பட்டத்தை அடுத்து உண்மையில் தேவைப்படுவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அவர் அவசரப்பட்டு முதுமாணிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வெளிவாரியாகப் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் பணியாற்றியவருக்கு முதுமாணி பெரும் வரப்பிரசாதமாக அமையலாம். ஆனால், ஒரு துறையில் உண்மையான நாட்டமும் சிறப்புக் கற்கைக்கு வேண்டிய புள்ளிகளும் உள்ள மாணவர், குடும்பத்தால் ஓராண்டு தாங்க முடியுமாயின், நான்காவது ஆண்டைக் கைவிடக்கூடாது என்பதே நமது நிலைப்பாடு. அந்த மாணவரின் வீட்டாருக்கும் இதனை எடுத்துச் சொல்வது கற்பித்த ஆசிரியர்களின் கடமையாகும்.

இது தனிமனித முன்னேற்றம் பற்றிய விடயம் மாத்திரமல்ல. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, வவுனியாப் பல்கலைக்கழகங்கள் எளிதாகக் கிடைத்தவையல்ல. போரின் நடுவே, 1995 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்ட தென்கிழக்கு நிறுவனம் மறு ஆண்டே பல்கலைக்கழகமானது. வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டிலேயே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொருளாதார நெருக்கடியின் பின்னர் விரிவுரையாளர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறியுள்ள நிலையில், வரலாறு, புவியியல், பொருளியல், இஸ்லாமிய நாகரிகம் போன்ற துறைகளைத் தமிழ்மொழி மூலம் நாளை கற்பிக்கப் போகின்றவர்கள் இன்றைய சிறப்புப் பட்டதாரிகளே. அவர்கள் குறைந்தால் கட்டடங்கள் இருக்கும்; கற்பிக்க ஆளிருக்காது.

உரிய தரப்பினர் செய்ய வேண்டியவை மூன்று. நியமனங்களின்போது பட்டம் செல்லுபடியாகும் திகதியை விடப் பல்கலைக்கழக அனுமதி ஆண்டைக் கருத்திற் கொண்டால், அதிகமாகக் கற்றவர் தண்டிக்கப்படும் அநீதி நீங்கும். பொதுப் பட்டத்துடன் வெளியேறியவர் சில ஆண்டுகளின் பின் திரும்பி வந்து சிறப்புப் பட்டத்தைப் பூர்த்தி செய்ய ஒழுங்கான வழியொன்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வகுக்கலாம். வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் ஆய்வுடன் கூடிய முதுமாணிக் கற்கைகளைத் தமிழ்மொழி மூலமும் விரிவுபடுத்தலாம். இவை எதுவும் பெருநிதி வேண்டி நிற்பவையல்ல.

அதுவரையில், முதலாம் ஆண்டின் முடிவில் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கும் மாணவர், எந்தப் பட்டம் பெரிது என்று கேட்பதை விட, தான் எங்கே செல்ல விரும்புகின்றார் என்பதை முதலில் தன்னிடமே கேட்டுக்கொள்வது நன்று.