குளிசைக்கு முன்னால்



2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பக்கம் கடைகள் எரிக்கப்பட்ட நாட்களில் நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. அதில் நியாயம் இருந்தது. இப்போதும் சிலர் கூரையைப் பார்த்தபடியே கிடக்கிறோம். வெளியே சொல்லத்தான் வெட்கம். பார்மசியில் குளிசை கேட்க வெட்கமில்லை.

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் வைத்தியம் குளிசையல்ல, சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இலேயே சொல்லிவிட்டது. "இன்றைக்கும் நித்திரை வராவிட்டால் நாளை நாசம்" என்ற பயத்தையே அது விசாரிக்கிறது. 20 நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் கட்டிலை விட்டு எழும்பச் சொல்கிறது. தினமும் ஒரே நேரத்தில் விழிக்கவும் சொல்கிறது. அது எங்களுக்கு சுபஹோடு ஏற்கனவே இருக்கிறது. தொழுதுவிட்டு 8 மணி வரை திரும்பப் படுத்துத்தான் கெடுத்துக்கொள்கிறோம்.

கண்டி, பேராதனை வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம். குளிசை பாவிப்பவர்கள் தாங்களாகவே திடீரென நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.