தோற்றவனைப் பேசாத நூல்கள்

வியாபாரத்தில் முன்னுக்கு வர விரும்புகிறவன் முதலில் தன் மனத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும், அதற்கென்று எழுதப்பட்ட இன்னின்ன நூல்களை ஊன்றி வாசிக்க வேண்டும், வாசித்தபடி நடந்தால் செல்வம் தானாகவே அவன் வாசற்படி ஏறி வரும் என்ற அபிப்பிராயம், மருதமுனையில் தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் நம்முடைய கரையோர ஊர்களில், இன்று ஏறக்குறைய ஒரு விசுவாசத்தின் உறுதியோடு வேரூன்றியிருக்கிறது. வெளிநாட்டில் உழைத்த பணத்தைக் கொண்டுவந்து புதிதாகக் கடை திறக்கிற பிள்ளைக்கு நண்பர்கள் சொல்லும் புத்தகங்களும், தன்னம்பிக்கைக் கூட்டத்தில் மேடையேறுகிற பிரசங்கியார் சிபாரிசு செய்யும் புத்தகங்களும் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: டேல் கார்னெகி 1936இல் எழுதியது, நெப்போலியன் ஹில் 1937இல் எழுதியது, ராபர்ட் கியோசாகியின் ‘பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை’, ரோண்டா பைர்னின் ‘இரகசியம்’, விளம்பரக் கலைக்கென்று சேத் கோடின் ஊதாநிறப் பசுவைப் பெயராக வைத்து எழுதிய நூல்.

இவற்றை வாசிப்பதால் ஒருவன் கெட்டுப்போவான் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த வாசிப்பையும் பழிப்பது எழுதுகிறவனுக்கு அழகுமன்று. சிறு வியாபாரியின் முன்னேற்றத்துக்கு இவையே பிரதானமான வாசிப்பு என்ற நம்பிக்கையைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வயலிலும் துறைமுகத்திலும் மத்திய வங்கியிலும் சட்டப் புத்தகத்திலும் கிடக்கிற காரணங்களைத் தன் நெஞ்சுக்குள்ளேயே தேடும்படி அவனைப் பழக்குகிற நம்பிக்கை அது.

முதலில் இந்த ஆசான்களின் பீடத்தைச் சற்றுப் பரிசோதிப்போம். எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னெகியை 1908இல் சந்தித்ததாகவும், வெற்றியின் சூத்திரத்தை ஆராயும் பணியை அவரே தம்மிடம் ஒப்படைத்ததாகவும் நெப்போலியன் ஹில் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அந்தச் சந்திப்புக்கு அவருடைய சொந்த வாக்கைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை. பணத்தை நிர்வகிக்கும் வித்தையை உலகுக்குக் கற்பித்த கியோசாகியின் கொம்பனிகளுள் ஒன்று, அவருடைய கூட்டங்களை நடத்திய நிறுவனத்துக்குச் சுமார் 2 கோடி 40 இலட்சம் டொலர் செலுத்துமாறு தீர்ப்பான பிறகு, 2012இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. கற்பனையை விட்டு ஆராய்ச்சியை நாடியவர்களின் கதியும் பெரிதாக வேறுபடவில்லை. ஜிம் கொலின்ஸ் 1,435 கொம்பனிகளைச் சலித்தெடுத்து, அவற்றுள் 11 மட்டுமே மகத்துவம் அடைந்தவை என்று 2001இல் அறிவித்தார். அந்தப் பதினொன்றில் ‘சேர்க்கிட் சிற்றி’ 2008இல் வங்குரோத்தாயிற்று. ‘ஃபனி மே’யை அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

இது ஆசிரியர்களின் தனிப்பட்ட தவறு மாத்திரமன்று. அவர்களுடைய விசாரணை முறையிலேயே உள்ள ஊனம். ஜெயித்தவர்களை மட்டும் அழைத்து விசாரித்தால், அதிகாலையில் எழுந்ததும், துணிந்து கடன்பட்டதும், மனம் தளராமல் நின்றதுமே ஜெயத்துக்குக் காரணம் என்றுதான் அவர்கள் சாட்சி சொல்வார்கள். அதே சுபஹுத் தொழுகையோடு எழுந்து, அதே துணிவோடு கடன்பட்டு, அதே மன உறுதியோடு நின்று, கடைசியில் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரனிடம் ஒப்படைத்தவர்களை எவரும் பேட்டி காணப் போவதில்லை. அவர்கள் புத்தகம் எழுதுவதுமில்லை. நினைப்பதுதான் வந்து சேர்கிறது என்ற ‘இரகசிய’ச் சித்தாந்தத்தை அதன் தர்க்க முடிவு வரை கொண்டுபோய்ப் பார்த்தால் அதன் குரூரம் வெளிப்படும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரையில் கடல் ஏறியபோது, இலங்கையின் மாவட்டங்களுள் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடையையும் குடும்பத்தையும் இழந்த மனிதனிடம், உன் எண்ணமே இதனை இழுத்து வந்தது என்று சொல்லத் துணிகிறவன் எவன்?

இனி, நம் கண்ணெதிரே நடந்த ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். கல்லோயாத் திட்டத்தின் நீரால் விளையும் வட்டைகளே இந்தப் பிரதேசத்துக் கடைகளுக்குப் பின்னால் நிற்கும் பெரிய மூலதனம். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுகிற பெரும்போகத்தை நம்பித்தான் விவசாயி கடையில் கடன் சொல்கிறான். கடைக்காரர் மேசை லாச்சியைத் திறந்து, ஓரம் மடிந்த கடன் கொப்பியை எடுத்து, பெயருக்குக் கீழே சாமானையும் தொகையையும் எழுதுகிறார். “காக்கா, வெள்ளாம வெட்டின ஒடன தந்திருவன்” என்ற சொல்லே அந்தக் கடனின் தவணை. தலைமுறை தலைமுறையாக இந்த ஏற்பாடு நாணயமாகவே நடந்து வந்திருக்கிறது.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது விதைப்புக் காலம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. உரமின்றி வளர்ந்த பயிர் கதிரில் அதைக் காட்டிக்கொடுத்தது. விளைச்சல் வீழ்ந்தமையால் கடன் திரும்பவில்லை. அல்லது பாதி திரும்பிற்று. அந்தப் பாதி திரும்பிய வேளையும் எது? 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியை விட்டுக்கொடுத்தது; டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த விலை மே மாதத்தில் 360ஐ எட்டியது. 2021 ஒக்டோபரில் 480 ரூபாவுக்குக் கடனாகக் கொடுத்த 400 கிராம் பால்மாப் பக்கெட்டின் பணம் மார்ச் கடைசியில் சல்லிக்காசு குறையாமல் வந்து சேர்ந்திருந்தாலும், அதே பக்கெட்டைத் தட்டில் மறுபடி வைப்பதற்குள் அதன் விற்பனை விலை 790 ரூபாவாகியிருந்தது. கொப்பிக் கணக்கில் இலாபம், தட்டில் வெற்றிடம். போதாக்குறைக்கு ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதால், வங்கியில் மேலதிகப் பற்று வைத்துக் கடையை ஓட்டியவருக்கு இருந்த கடைசி வழியும் அடைபட்டது.

அந்த ஆண்டில் கடை பூட்டிய மனிதருக்கு என்ன குறை இருந்தது? தன்னம்பிக்கையா? இலட்சியமா? சிநேகிதரைச் சம்பாதிக்கும் சாமர்த்தியமா? இவையெல்லாம் நிறைய இருந்தபடியால்தான் அவர் ஊரில் பாதிப்பேருக்குக் கடன் கொடுத்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது, விற்ற விலைக்கும் மறுபடி வாங்கும் விலைக்கும் இடையே காலம் என்ன செய்கிறது என்ற அறிவு. மேற்சொன்ன பட்டியலில் அதனைக் கற்பிக்கும் நூல் ஒன்றேனும் இல்லை.

விளம்பர நூல்களின் சங்கதியும் இவ்வாறே. முகந்தெரியாத கோடிக்கணக்கானோருக்குத் தொலைக்காட்சியின் வழியே சரக்கு விற்கும் சமூகத்தில் பிறந்த சாஸ்திரம் அது. அங்கே கவனத்தைக் கவர்வதே பெரும்பாடு. நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையில் கல்முனைப் பசாரில் ஒரு புடவைக் கடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். முதலாளிக்கு வந்தவளின் வாப்பாவையும் தெரியும். அவளுடைய புருஷன் கட்டாரில் எந்த மாதம் காசு அனுப்புவான் என்பதும் தெரியும். பிளேன்ரீ வரவழைத்து, இருபது புடவைகளை விரித்து, இருபத்தோராவதையும் சலிப்பின்றி விரித்து, விலையில் நூறு இருநூறைக் குறைத்து, மிச்சத்தைப் பெருநாள் கழித்துத் தரச் சொல்லி அனுப்புகிறார். மனிதரின் பெயரை நினைவில் வை, அவர்களைப் பேச விடு என்று டேல் கார்னெகி உபதேசித்ததைவிட நுட்பமான பழக்கம் இது. எல்லோரும் புறக்கோட்டையிலிருந்தே சரக்கு எடுக்கிற பசாரில் ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து வேறுபடுத்துவது தவணை கொடுக்கும் தாராளம். அந்தத் தாராளமே அவரை மூழ்கடிக்கவும் வல்லது. எவ்வளவு தவணை, யாருக்கு, எந்த எல்லை வரை என்பதே இங்கு விற்பனைக் கலையின் உயிர்நிலைக் கேள்வி. மருதமுனைக் கைத்தறிக்காரரைக் கேட்டால், தன் சாறனுக்கு மனங்கவர் பெயர் வைப்பதைவிட, கடல் கடந்து வரும் நூலுக்கும் சாயத்துக்கும் விலை கட்டுவதும், விசைத்தறித் துணியோடு போட்டியிடுவதுமே தன் தொல்லை என்பார்.

இந்த நம்பிக்கை விளைக்கும் தார்மிகக் கேடு பண நஷ்டத்திலும் பெரிது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் நாட்டின் பல பாகங்களில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பிரசாரம் நடந்தபோது, ஒரு வியாபாரி தன் வருமானம் குறைந்ததற்குத் தன் மனோபாவத்தைக் குற்றஞ்சாட்டிக்கொண்டால், அநியாயம் செய்தவன் தப்பினான், அனுபவித்தவன் குற்றவாளியானான் என்றாகிறது. ஜெயித்தவனோ அதே நூல்களின் பலத்தில், தோற்ற அயலவனைச் சோம்பேறியென்று இகழக் கற்றுக்கொள்கிறான். இன்னொரு வாசலும் இங்கே திறக்கிறது. வலையமைப்பு வியாபாரத்தைப் புகழ்ந்து கியோசாகி தனி நூலே எழுதியிருக்கிறார். அந்தப் புகழ்ச்சியை வாசித்துப் பழகிய மனம், ஆள் சேர்த்தால் பணம் என்று வருகிற பிரமிட் திட்டங்களைச் சந்தேகிக்கத் தயங்குகிறது. அத்தகைய திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தால் இலங்கையில் தடைசெய்யப்பட்டவை என்பதையோ, மத்திய வங்கி அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து வருவதையோ எந்தப் பிரசங்கியாரும் மேடையில் சொல்வதில்லை.

உற்சாகமும் மனிதனுக்கு வேண்டியதுதானே என்று கேட்பார்கள். வேண்டியதுதான். தொண்டியிற் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம், ‘வாழ்க்கையில் வெற்றி’ முதலிய நூல்களால் தமிழ் வாசகருக்கு அந்த உற்சாகத்தை நிறையவே ஊட்டினார். ஆனால் அவரே இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுக்கவும் உழைத்தார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. உற்சாகத்தோடு அறிவையும் கொடுக்க வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டவர்கள் நாம்.

அப்படியானால் வியாபாரி எதை வாசிப்பது? தேடிப்போக வேண்டிய தூரம் அதிகமில்லை. திருக்குர்ஆனின் வசனங்களிலெல்லாம் மிக நீண்டது பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். குறித்த தவணைக்குக் கொடுக்கும் கடனை, சிறிதாயினும் பெரிதாயினும், சலிப்படையாமல் எழுதிவைக்கவும், சாட்சி வைக்கவும் பணிப்பது அது. ஓதத் தெரிந்த ஊரில், எழுதாக் கடனால் அழிந்த கடைகள் இத்தனை என்றால், ஓதியதை வாசிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் வணிகத்தை விசாரிக்கிறார்: கடன் திரும்பத் தாமதிக்கும் காலமெல்லாம் முதல் உழைக்காமல் கிடப்பதால் இலாபம் அழிகிறது என்றும், எழுத்தும் சாட்சியும் இல்லாவிடில் கடன் மறுக்கப்படும் என்றும், கணக்கறிவும் வழக்காடும் துணிவும் அற்றவன் வணிகத்தை விட்டு விலகுவது நலம் என்றும் அவர் கூறுவது, கல்முனைப் பசாரில் ஒரு போகம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தவர் கூறுவது போலிருக்கிறது.

அதற்கடுத்து, நாட்டுச் சட்டம். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலத்தில் விற்பதற்கு அதிகாரமளிக்கும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தை, காணி உறுதியை வங்கியில் ஒப்படைக்கும் முன்னர் எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள்? இந்த ஏல அதிகாரத்துக்கு வழங்கும் பராட்டே என்ற பெயர் சிறு வியாபாரிகளின் காதில் விழுந்தது, ஏல அறிவித்தல்கள் பெருகி, 2024இல் அதனை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்திவைக்க நேர்ந்தபோதுதான். அதே ஆண்டு ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. வருடத்துக்கு 8 கோடி ரூபாவாக இருந்த பதிவு எல்லை 6 கோடியாக இறங்கியது. இவற்றை எளிய தமிழில், கணக்கு உதாரணங்களோடு விளக்கும் சிறு நூல்கள் வேண்டும். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே முகாமைத்துவமும் வணிகமும் போதிக்கப்படுகின்றன. வர்த்தகர் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தன்னம்பிக்கைப் பேச்சாளருக்குக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு, ஒரு போகத்தின் கடன் கொப்பிகளைப் பெயர்களை மறைத்து ஆராய்ந்து, எந்தக் கடன் திரும்பிற்று, எது திரும்பவில்லை, ஏன் என்று ஒரு புத்தகம் எழுதுவித்தால், பொத்துவில் வரைக்கும் அதற்கு நிகரான வியாபார நூல் இராது.

புத்தகக் கடையில் நிற்கும் இளைஞனுக்கு நான் சொல்லக்கூடிய பரீட்சை ஒன்றே. எடுத்த நூலைப் புரட்டி, வியாபாரத்தில் தோற்றவனைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும். அவனுக்கு விசுவாசம் போதவில்லை, கனவு போதவில்லை என்று சொன்னால் விலையைக் கேட்காமலே வைத்துவிடலாம். அவன் எதை என்ன விலைக்கு வாங்கினான், யாருக்குக் கடன் கொடுத்தான், எப்போது பணம் வரவில்லை, அப்போது வட்டி எவ்வளவு, சட்டம் எந்தப் பக்கம் நின்றது என்று சொன்னால், பணம் போதாவிட்டாலும் கடன் சொல்லியாவது வாங்கட்டும். தவணையை மட்டும் எழுதி வைக்கட்டும்.