தீயணைப்பு நிலையம் யாருக்குச் சொந்தம்?

தீப்பிடித்தால் மணியடித்து ஓடிவரும் வண்டி எல்லோருக்கும் பொதுவென்று நாம் எண்ணுகிறோம். அது எளிதில் வந்த பாக்கியமன்று. 1833-ம் வருஷம் லண்டனில் பத்து இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் கூடித் தீயணைக்கும் படை ஒன்றை அமைத்தன. நகரின் பல பாகங்களிலும் நிலையங்கள் ஏற்பட்டன. ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமை வகித்தார். ஆனால் கம்பெனிகளின் கவலையெல்லாம் சொத்தைப் பற்றியதே. மனித உயிரைக் காக்க ஏணிகளுடன் தெருவில் காவல் நின்றது வேறொரு தர்ம ஸ்தாபனம்!

1861 ஜூனில் டூலி தெருப் பண்டகசாலைகள் பற்றியெரிந்தன. சுவர் இடிந்து விழுந்து பிரெய்ட்வுட் மாண்டார். பெருநஷ்டம் கண்ட கம்பெனிகள் இப்பாரத்தை இனிச் சுமக்க இயலாதென்று கையை விரித்தன. 1866-ல் படையும் நிலையங்களும் பொதுஜன சொத்தாயின. உயிரைக் காப்பதும் சட்டப்படி அவற்றின் கடமையாயிற்று. நெருப்பு ஏழை, தனவான் என்று பார்ப்பதில்லை. அதை அணைப்பவரும் பார்க்கலாகாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.