போதும் என்ற சொல்

2016 ஜூனில் முகமது அலி மறைந்தபோது, கேரளத்துக்குத் தங்கம் வென்று தந்தவர் என்று மாநில விளையாட்டு அமைச்சர் இ.பி. ஜெயராஜன் அஞ்சலி செலுத்தினார். திருவனந்தபுரத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அலியின் தங்கத்தைவிட (1960, ரோம்) அவரது ஐந்து தோல்விகளே சுவாரஸ்யமானவை. 1971-ல் ஜோ ஃப்ரேஸியரின் குத்தில் 15-வது சுற்றில் விழுந்தார். சட்டென்று எழுந்து, புள்ளிகளில் தோற்றார். வாய்ச்சவடால் என்று ஏளனம் செய்தவர்களும் மனுஷன் அடி தாங்குவார் என்று ஒப்புக்கொண்டார்கள். மதிப்பு கூடியது. 1980 அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் விழவேயில்லை. பத்து சுற்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு பயிற்சியாளரே நிறுத்தச் சொன்னார். கிடைத்தது பரிதாபம்.

மறுமாதம் ராபர்ட்டோ துரான், பெரிய காயம் எதுவுமின்றி, லியோனார்டிடம் 8-வது சுற்றில் முதுகைத் திருப்பிக் கையசைத்து விலகினார். பிறகு இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றும், அந்த 'போதும்' அவரை விடவில்லை.

நடுவர்களிடம் தோற்றால் கதை வேறு. 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் மணிப்பூரின் சரிதா தேவி தன் வெண்கலத்தைக் கழுத்தில் அணியாமல் கையில் வாங்கி, தன்னை வென்றதாக அறிவிக்கப்பட்ட கொரிய வீராங்கனையின் கழுத்தில் போட்டார். ஓராண்டு தடை. சமர்த்தாக வாங்கிக்கொண்டு வந்திருந்தால், அந்த வெண்கலம் இன்று யாருக்கு நினைவிருக்கும்?