கூடிப் படித்தல்

கலாசாலையை விட்டுச் செல்லும் மாணாக்கருட் பலர், பட்டத்தைப் பெற்ற அன்றே நூல்களிடமும் விடைபெற்றுக்கொள்கின்றனர் என்பது யாவரும் அறிந்த விஷயம். பரீட்சைக்கெனப் படித்தவன் பரீட்சை முடிந்தபின் படியாதொழிவதில் வியப்பில்லை. இக்குறைக்கு மருந்து யாதென்று வினவினால், பெரிய சங்கங்களையும் ஆண்டு விழாக்களையும் சொற்பொழிவுகளையுமே பலரும் சுட்டுவர். அவற்றாலும் பயனுண்டு. ஆயினும், நண்பர் சிலர் வாரந்தோறும் ஓரிடத்தமர்ந்து ஒரே நூலை வாய்விட்டுப் படித்து மகிழ்வதே வாசிப்பு நிலைத்தற்குச் சிறந்த வழி என்பதும், அக்குழு என்றும் சிறியதாகவே இருத்தல் வேண்டும் என்பதும் எங்கள் அபிப்பிராயம். இதனை நாங்கள் சத்தியமங்கலத்தில் இருமுறை தவறிய பின்னரே கற்றோம்.

பள்ளியில் ஒன்றாய்ப் பயின்ற நாங்கள் எழுவர், விடுமுறை நாட்களில் பவானியாற்றங்கரையில் கூடுவது வழக்கம். வீண்பேச்சிற் கழியும் மாலைப்பொழுதை நூலாராய்ச்சியிற் கழிப்போமென்று ஒருநாள் உறுதி செய்தோம். அவரவர் வீட்டில் ஓர் ஆங்கில நூலைப் படித்து வரவேண்டும்; வந்தபின் விவாதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குறித்த நாளில் நூலை முற்றப் படித்திருந்தோர் இருவர். கைப்பேசியில் கதைச்சுருக்கத்தை மட்டும் பார்த்து வந்தோர் மூவர். வேறொருவர் மறதியின்மேற் பழி போட்டார். எஞ்சிய ஒருவர் ஒன்றும் பேசாதிருந்தார். அவர் பள்ளிப்படிப்போடு நின்று, தந்தையாரின் மல்லிகைத் தோட்டத்தைப் பார்த்துவருபவர். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

குழு தளர்ந்ததற்குக் காரணம் ஆள் குறைவே என்று தவறாக எண்ணினோம். தலைவர், காரியதரிசி, பொக்கிஷதாரர் ஆகியோரைத் தெரிந்தெடுத்தோம், சந்தா விதித்தோம், அறிவிப்பும் அச்சிட்டோம். முதற்கூட்டத்திற்கு நாற்பதின்மர் வந்தனர். வரவேற்புரையும் நன்றியுரையும் நீண்டன. நூலைப் பற்றிய பேச்சோ சுருங்கியது. மூன்றாங் கூட்டத்தில் விரித்த பாயில் எங்களையன்றி ஒருவரும் இல்லை.

வெட்கத்தோடு மல்லிகைத் தோட்டத்திற்குச் சென்று, வராமைக்குக் காரணம் கேட்டோம். நண்பர் சிரித்தார். “விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சுப் பூப் பறிக்கறவன், ராத்திரி நூறு பக்கம் எப்படிப்பா படிக்கிறது? நீங்க படிங்க, நான் காது குடுத்துக் கேக்கறேன்” என்றார். நாங்கள் வகுத்த விதிகள் அனைத்தினும் அவ்வொரு சொல் சிறந்ததாயிற்று. பூச்சந்தைக்குப் பூ அனுப்பியபின் அவருக்கு ஓய்வுள்ள ஒரு மாலையைக் கூடும் நாளாக வைத்துக்கொண்டோம். வீட்டில் எவரும் படித்துவர வேண்டுவதில்லை. கூடியிருந்து ஒருவர் படிக்க ஏனையோர் கேட்பது என முடிவாயிற்று.

அங்ஙனம் எடுத்துக்கொண்ட முதல் நூல், ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942இல் வெளிவந்த ‘நாகம்மாள்’. கணவனை இழந்த ஒருத்தி, கணவன் தம்பியிடம் நிலத்திற் பாகம் கேட்பதும், அதனால் விளையும் கேடுமே கதை. அதன் உரையாடல்கள் கொங்கு நாட்டு உழவர் பேச்சில் அமைந்தவை. பட்டம் பெற்ற நாங்கள் அவற்றைப் படித்தபோது நா தடுமாறியது. நூல் மல்லிகைத் தோட்டத்து நண்பர் கைக்கு மாறியதும், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்பதுபோல் அச்சொற்கள் உயிர்பெற்றன. அன்று முதல் உரையாடற் பகுதிகளை அவரே படித்தார்.

ஒரு மாலை, நாகம்மாள் பேராசையால் குடிகெடுத்தாள் என்று எங்களில் ஒருவர் தீர்ப்புரைத்தார். அதுவரை கருத்துரைக்கத் தயங்கிவந்த அந்நண்பர், “காடில்லாத பொம்பளையோட பேச்சு எந்த ஊட்டுலப்பா எடுபடும்? அவ கேட்டது காட்டை மட்டுமா?” என்றார். சிறிதுநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் குழுவில் சட்டம் பயிலும் ஒருவர் மறுவாரம் ஒரு செய்தி கொணர்ந்தார். இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றி 1937இல் இயற்றப்பட்ட சட்டம் விதவைகட்குக் கணவன் சொத்தில் உரிமை வழங்கியதாயினும், மாகாணங்களிலுள்ள விளைநிலத்திற்கு அது செல்லாதென்று 1941இல் பெடரல் நீதிமன்றம் கூறிவிட்டதாம். அதற்கடுத்த ஆண்டில் வெளிவந்த நாவலில் நாகம்மாள் பாகம் கேட்கிறாள்! பேராசை என்னும் ஒரு சொல்லால் அவளை ஒதுக்கிவிட்ட எங்கள் கல்வியைக் குறித்து நாங்களே நாணினோம். மகிழ்ச்சிக்காகப் படிப்பதில் ஆழமிராது என்று கூறுவோர்க்கு எங்கள் மறுமொழி இதுவே. விளையாட்டாகத் தொடங்கிய வாசிப்பு, ஏவுவாரின்றியே எங்களைச் சட்டநூல் வரை கொண்டு சென்றது.

நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டதைப் பெரியோர் முன்னரே கைக்கொண்டிருந்தனர். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்து வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்களோடு கூடிக் கம்பன் கவிகளை அனுபவித்து வந்தார். ‘வட்டத்தொட்டி’ என்ற பெயர் தமிழுலகில் நிலைத்தது அதனாலேயே. ஒரு செய்யுளைப் பலகாற் பாடிக் காட்டி, கேட்போர் உள்ளத்தில் அது இறங்கும்வரை அவர் விடுவதில்லை. கல்கி, நீதிபதி மகராசன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவர்பால் ஈடுபட்டோர். பெரும் மண்டபமின்றி, ஒரு வீட்டு முற்றத்தில் கம்பன் எத்துணைப் பேரைக் கவர்ந்தான் பாருங்கள்!

‘சிறுகுழுவால் எழுவர்க்குத்தானே நன்மை? ஊருக்கு என்ன பயன்?’ என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க நாட்டு பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு நல்ல விடை தந்துள்ளார். 1727இல் பிலடெல்பியா நகரில் அவர் தொடங்கிய ‘ஜன்டோ’ என்னும் நண்பர் குழு வெள்ளிக்கிழமை தோறும் கூடியது. பன்னிருவருக்கு மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டுமென்று சிலர் விரும்பியபோது அவர் இசையவில்லை. அதற்கு மாறாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே வேறொரு குழுவை அமைக்கலாமென்றார். அவ்வாறே சில குழுக்கள் தோன்றின. அந்நண்பர் வட்டத்து முயற்சியின் பயனாகவே 1731இல் சந்தா முறையிலான ஒரு நூலகமும் எழுந்தது. விளக்கொன்றைப் பெரிதாக்க முயலாமல் அதனின்று வேறு விளக்குகளை ஏற்றிய முறை அது. ஊருக்குப் பயன் அவ்வழியாகவும் வரும்.

பொருளில்லையே என்ற தடையும் வேண்டா. கூடிப் படிப்போர்க்கு ஒரு பிரதி போதும். அதனை ஊர் நூலகமே தரும். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியபோது, கல்வி மந்திரியாயிருந்தவர் நம் கோவை நாட்டவரான தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அதற்காக நெடுநாள் உழைத்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையின் பழைய மாணாக்கர். அவர்கள் திறந்துவைத்த கதவு இன்னும் மூடப்படவில்லை, நுழைவோர்தாம் வேண்டும்.

எங்கள் குழுவில் இப்பொழுது விதிகள் மூன்றே. எழுவருக்கு மேல் சேர்ப்பதில்லை. எட்டாமவர் வந்தால், எங்களில் ஒருவர் அவரோடு சென்று புதுக்குழு தொடங்க வேண்டும். பிறர் கேளாத பகுதியை முன்னதாகப் படித்து வந்து கதை முடிவை வெளியிடுபவர், அடுத்த வாரம் அனைவருக்கும் வேகவைத்த நிலக்கடலை வாங்கித் தரவேண்டும். குழுவில் மிகக்குறைந்த ஓய்வுடையவர் எவரோ, அவருடைய வேகமே அனைவருடைய வேகம். முதல் இரண்டையும் மாற்றினும் குழு பிழைக்கும். மூன்றாவதை விட்டால், கற்றோர் கற்றோரோடு பேசி மகிழ்வதாகவே அது முடியும். மல்லிகைத் தோட்டத்து நண்பர் மீண்டும் வாய்மூடிவிடுவார். அவர் கூறியதைக் கேளாமல் ‘நாகம்மாளை’ நாங்கள் படித்திருந்தால், படித்தும் படியாதவராகவே இருந்திருப்போம்.

தேரிழுக்க ஊர் கூடவேண்டும். நூல் படிக்க நால்வர் கூடினால் போதும். இவ்விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணாக்கர், கலாசாலை நண்பரை மட்டும் நாடாது, உடன் பயின்று இடையில் நின்றுவிட்ட ஒருவரையேனும் அழைத்து அமர்த்திக்கொள்வாராக. ஒரு நூலும், ஒரு திண்ணையும், ஒரு படி நிலக்கடலையும் கிடைக்குமாயின், வேறொன்றுக்கும் காத்திராமல் அன்று மாலையே தொடங்கலாம்.