கையெழுத்துக்குக் காவல் எங்கே?

2024 அக்டோபர் 11. ஆயுத பூசை நாள்! சுத்தியலுக்குச் சந்தனம், திருப்புளிக்குக் குங்குமம், பட்டறை தோறும் பொரியும் கடலையும்! அன்று மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் அமைப்பில் பழுது ஏற்பட்டு, எரிபொருள் குறையும் வரையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானிலே வட்டமிட்டது. உள்ளே நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். வளைகுடாவில் வேலை தேடி, வயலையும் வாய்க்காலையும் விட்டுப் பறப்போர்க்கு வாயில் அன்றோ திருச்சி விமான நிலையம்! கீழே நின்றவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! முடிவில் எல்லோரும் நலமுடன் இறங்கினர்.

"ஆண்டவன் காத்தான்" என்றனர் சிலர். பழுதை முன்னரே தடுக்க அந்த ஆண்டவனுக்கு ஓய்வில்லை போலும்! விமானியைப் புகழ்ந்தனர் பலர், நாமும் புகழ்கிறோம். ஆனால், ஒரு அமைப்பு பழுதுபட்டால் மற்றொன்று தாங்கும்படி விமானத்தைப் படைத்தது மனித அறிவு. அந்த மற்றொன்று வேண்டிய நேரத்தில் உழைக்கும்படி பேணி வைத்தது மெக்கானிக்கின் கை. திருப்புளிக்குப் பொட்டிட்ட நாடு, அதைப் பிடிக்கும் கைக்கு என்ன கொடுத்திருக்கிறது?

உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், "பறக்கத் தகுதியுடையது" என்று கையொப்பம் இட்டாலன்றிப் பழுது பார்த்த விமானம் கிளம்பக் கூடாது. விதி அவ்வாறு. "கூடாது" என்று அவர் ஒரு சொல் சொன்னால் முதலாளிக்கு இலட்சக் கணக்கில் நட்டம். சொல்லாமல் விட்டால் பயணிக்கு உயிர் நட்டம். இத்தனை கனமான சொல்லைச் சொல்ல வேண்டியவர், நாளைக்கு நமக்கு வேலை இருக்குமோ என்று நடுங்குபவராக இருந்தால் என்ன ஆகும்?

1997 செப்டம்பரில், அமெரிக்காவின் ஓக்லந்து நகரத்தில், அலாஸ்கா ஏர்லைன்ஸ் பராமரிப்புக் கூடத்தில் ஒரு தலைமை மெக்கானிக், வால் இறக்கையை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டின் மரை, தேய்மான எல்லையைத் தொட்டுவிட்டதைக் கண்டார். மாற்றுக என்று எழுதினார். அடுத்த முறைக்கு வந்தோர் மீண்டும் அளந்தனர், பறக்கலாம் என்றனர், தண்டு மாற்றப்படவில்லை. செய்யாத வேலைக்கும் மேலாளர்கள் ஒப்பமிடுகின்றனர் என்று அவர் 1998இல் அரசாங்கத்திடம் முறையிட்டார். 1999இல் நிறுவனம் அவரைச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார வைத்தது. 2000 ஜனவரி 31 அன்று அதே விமானம் பசிபிக் கடலில் வீழ்ந்தது. 88 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. போதிய மசகு இல்லாமல் மரை தேய்ந்தது, மசகிடும் இடைவெளியை நிறுவனம் நீட்டியது, அரசுத் துறை அதற்கு ஒப்பியது என்று கண்டது விசாரணை வாரியம். மசகுக்குப் பஞ்சமா அந்த நாட்டில்? இல்லை, மணிக்கணக்குத்தான் பஞ்சம்! பட்டறையில் நிற்கும் விமானம் பணம் ஈட்டாதே!

நம் நாட்டு நடப்பும் கேளுங்கள். 2010 மே 22, மங்களூர் விபத்து; 158 பேர் மாண்டனர். ஏடுகளிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஊழியர்க்கு வாய்ப்பூட்டு இட்டது ஏர் இந்தியா. அதனை எதிர்த்து, சம்பளத் தாமதத்தையும் எதிர்த்து, பொறியாளர் சங்கமும் ஊழியர் சங்கமும் வேலை நிறுத்தத்தில் இறங்கின. நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு சங்கங்களின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது, அலுவலகங்களுக்குப் பூட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வேலை நீக்கம்! இத்தனையும் செய்தது அரசாங்கத்தின் நிறுவனம். தனியார் கொடுமை என்று தப்பிக்கவும் வழியில்லை.

தனியார் கதை வேறு விதம். 2022 ஜூலையில் இண்டிகோவின் டெக்னீஷியன்கள் குறைந்த ஊதியத்தை எதிர்த்துக் கூட்டமாக 'நோய் விடுப்பு' எடுத்தனர். பின்னர் நிறுவனம் ஊதியத்தைச் சீரமைத்தது. மகிழ்ச்சிதான், ஆனால் உரிமையைக் கேட்கக் காய்ச்சலைத் துணைக்கு அழைக்க வேண்டிய நிலை மானமுள்ள தொழிலாளிக்கு ஏன் வர வேண்டும்? 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, பாதிப் பேர் கூடி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதுவே வேலை நிறுத்தம் என்கிறது. பதினான்கு நாள் அறிவிப்பும் கேட்கிறது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளியே அல்லர் என்றும் அது கூறுகிறது. கையொப்பம் இடுபவருக்கு 'மேற்பார்வையாளர்' என்று பட்டம் சூட்டிவிட்டால் போதும், சட்டத்தின் குடைக்கு வெளியே தள்ளிவிடலாம். பட்டம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கும் வித்தை!

தஞ்சைத் தரணியினர்க்கு இந்த வித்தை புதிதா? பண்ணையாள் என்ற சொல்லின் பொருள் நம் பாட்டன்மார் முதுகில் எழுதப்பட்டது. ஆண்டையின் மனம் கோணினால் மறுநாள் களத்தில் இடமில்லை. மனம் போனபடி பண்ணையாளை நீக்க இயலாதவாறு 1952இல் தஞ்சைக்கென்றே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதுவும் கிளர்ச்சிகளின் பின்னரே வந்தது. இன்று குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் விமானப் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள். காலம் முடியும்போது மேலாளரின் மனம் கோணாதிருக்க வேண்டும். நெல்லுக்குப் பதில் ரூபாய், களத்துக்குப் பதில் விமானக் கொட்டகை, வேறென்ன மாற்றம்?

சங்கம் என்ற ஆயுதமும் இம்மண்ணுக்குப் புதிதன்று. நாகையில் இருந்து பொன்மலைக்குப் பெயர்ந்த தென்னிந்திய ரயில்வேப் பட்டறைத் தொழிலாளர், ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் வேலை நிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5இல் பொன்மலைச் சங்கத் திடலில் துப்பாக்கி சுட்டது, ஐவர் மாண்டனர். அவர்களும் மெக்கானிக்குகளே, ஃபிட்டர்களே.

"விமானம் அத்தியாவசியம், பயணி தவிப்பாரே" என்று வாதிடுவோர் உண்டு. தவிப்பார், மறுக்கவில்லை. ஆனால், அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு மேசையில் அமர்ந்து பேசும் நிறுவனத்தில் பயணி தவிக்க வேண்டிய நாள் குறையுமா, கூடுமா? 2025 டிசம்பரில் விமானியின் ஓய்வு நேர விதியைச் சமாளிக்க இயலாமல் இண்டிகோ ஆயிரக் கணக்கான பயணங்களை நிறுத்தியதே, அது எந்தச் சங்கத்தின் வேலை நிறுத்தம்? விமானியின் உறக்கத்தைப் பற்றி அன்று நாடே பேசிற்று. நள்ளிரவில் விளக்கொளியில் மரை முடுக்குபவரின் உறக்கம்?

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் சுமார் 4,400 மெக்கானிக்குகளும் துப்புரவாளரும் வெளியேறிப் போராடினர். விமானிகள் வேலைக்குப் போனார்கள்; பணிப்பெண்கள் போனார்கள்; புது ஆட்களை வைத்து விமானம் பறந்தது; போராட்டம் தோற்றது. உரிமம் உள்ளவர் மேல், இல்லாதவர் கீழ், நிரந்தரம் மேல், ஒப்பந்தம் கீழ் என்று கொட்டகைக்குள்ளே வருணம் வகுத்துக் கொண்டால் நமக்கும் அதே கதிதான். மறைமுக வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்ற சங்கத்துக்கு அங்கீகாரம், ஒப்பந்தத் தோழருக்கும் அதில் வாக்கு, 'கூடாது' என்று எழுதியவரைப் பழிவாங்காதிருக்கச் சட்டக் காப்பு, இவற்றை ஒரே குரலில் கேட்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்க்க, இருக்கும் காணியை அடகு வைக்கத் துணிகிறார் தந்தை. கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார். சேரப்போகும் வேலையில் சங்கம் உண்டா என்று கேட்ட தந்தையை நாம் இன்னும் சந்திக்கவில்லை.