பட்டியல் எங்கே முடிகிறது?



இம்முறை கொஞ்சம் இலக்கணம். முகத்தைச் சுளிக்காமல் வாசியுங்கள். இது சம்பளத்தோடு தொடர்புள்ள இலக்கணம்.

2019 யூன் மாதத்தில் இலங்கையும் யப்பானும், குறித்த திறன் கொண்ட தொழிலாளர்களை அங்கு எடுப்பது பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பும் அதில் அடங்கும். அந்த வேலையை நம்பி யப்பான் மொழி படிக்கும் பெண்பிள்ளைகளை எங்கள் பக்கத்திலும் காண்கிறேன். வீடுகளுக்குப் போகும்போது அவர்களுடைய கொப்பிகளைப் புரட்டிப் பார்ப்பதுண்டு. நான் படித்தது சமூகவியல்; மொழியியல் அல்ல. ஆனாலும் பொருட்களை அடுக்கிச் சொல்லும் பாடத்தில் நின்றுவிட்டேன்.

நாங்கள் 'சோறும் மீனும்' என்கிறோம். யப்பானியர் இடையில் ஒரு சொல்லைப் போடுகிறார்கள். 'சோறு தோ மீன்' என்றால் அந்த இரண்டும்தான், வேறொன்றும் இல்லை. 'சோறு யா மீன்' என்றால் இவையும் இருந்தன, சொல்லாத வேறும் இருந்தன. 'யா' போட்ட பட்டியலின் முடிவில் 'நாதோ' என்று சேர்ப்பதும் உண்டு. எங்கள் 'முதலியன' போல. பேச்சில் 'தோக்கா' என்பார்கள். நாங்கள் 'சோறு கீறு' என்று சொல்வதில்லையா, ஏறத்தாழ அதுதான். அந்தக் 'கீறு'க்குள் எத்தனை கறி என்று எவருக்கும் தெரியாது.

'தோ'வுக்கு 'ஓடு' என்ற பொருளும் உண்டு. 'அம்மா தோ' என்றால் அம்மாவோடு. எங்கள் நன்னூலும் 'ஒடு' என்பதை எண்ணி அடுக்கும் இடைச்சொற்களில் ஒன்றாகத்தான் சொல்கிறது. 'மோ' இன்னும் கிட்ட வருகிறது: 'நான் மோ' என்றால் நானும். 'ஆர்' என்ற கேள்விச்சொல்லோடு 'மோ'வைச் சேர்த்து 'இல்லை' என்று முடித்தால் 'ஒருவரும் இல்லை'. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதைப் பாடமாக்க வேண்டிய தேவையே இல்லை. இப்படிப்பட்ட ஒற்றுமைகளைத்தான் பேராசிரியர் சுசுமு ஓனோ, எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து 1980களில் ஆராய்ந்தார். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்ற ஓனோவின் முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பது சுகமாக இருக்கிறது.

வேலைக்குப் போனால் இது விளையாட்டல்ல. பராமரிப்பு இல்லங்களில் முதியவர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று எழுதி வைக்க வேண்டும். காலையில் நிற்பவர் 'கஞ்சி யா பழம்' என்று எழுதிவிட்டுப் போனால், இரவு வருபவருக்கு அந்த நீரிழிவுக்கார அம்மா வேறென்ன சாப்பிட்டார் என்று தெரியாது. சாப்பிட்டது அவ்வளவுதான் என்றால் 'தோ' என்றே எழுத வேண்டும்.

அதைவிட முக்கியமானது வேலை நிபந்தனைத் தாள். அதில் சம்பளத்தில் கழிக்கப்படுபவற்றின் பட்டியல் இருக்கும். 'நாதோ'வைக் குறிக்க ஒரு கஞ்சி எழுத்து உண்டு (நாங்கள் குடிக்கும் கஞ்சி அல்ல, சீனத்திலிருந்து வந்த எழுத்துக்களை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்). பட்டியலின் வாலில் அந்த ஓர் எழுத்து நின்றால் கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு விளங்கும் மொழியில் அந்தத் தாளைத் தர வேண்டியது விதி. தமிழில் வந்தாலும் 'முதலியன', 'போன்றவை' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கழிவுக்கும் பக்கத்தில் தொகை எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீட்டிய இடத்தில் கையொப்பம் வைக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. நிவாரணப் படிவங்களில் வைத்து வைத்துப் பழகிவிட்டோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வந்த தாளில் வீட்டு வாடகை, மின்சாரம், அதற்குப் பின்னால் அந்த எழுத்து. படித்த பிள்ளையாதலால் கண்டுபிடித்துவிட்டாள். கேட்டதற்கு முகவர், "அது சும்மா போடுறது தங்கச்சி" என்றாராம். தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். மகளின் படிப்புக்கு நகையை அடகு வைத்தவர். அவர் சொன்னார்: "சும்மா எண்டால் அதை எடுத்துப்போட்டுத் தரச்சொல்லு."

எடுக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, விபரமாக எழுதிய வேறு தாள் வந்தது. தண்ணீர், இணைய இணைப்பு, படுக்கை வாடகை என்று மூன்று புதிதாக முளைத்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் தொகையோடு. மகள் வாசிக்க வாசிக்கத் தாய் விரல் மடக்கி எண்ணினார். "வாடகையும், கரண்டும், தண்ணியும், இன்ரநெற்றும், படுக்கையும். அஞ்சு. அஞ்சு எண்டு அடியிலை எழுதித் தரச்சொல்லு பிள்ளை, பிறகு கையெழுத்து வை."